மூடியின் கணக்கு

வினிபெக்கில் ஒரு குளிசைப் போத்தல்.
மூடியைத் திருகினால் நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.
ஒரு மணித்தியாலம் பிந்தினால்
ரெஜைனாவில் என் தொலைபேசி ஒருமுறை அதிரும்:
காலை வேளை. திறக்கப்படவில்லை.

விவாகரத்துப் பத்திரத்தில்
வீடு, கார், இரண்டு கடனட்டைகள்,
பால்கனியில் உறைந்து கிடந்த சைக்கிள்
எல்லாமே பெயர் சொல்லிப் பிரிக்கப்பட்டன.
இடது சிறுநீரகத்தைப் பற்றி
வழக்கறிஞர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
ஆஸ்பத்திரிப் படிவத்தில்
அவசரத்துக்கு அழைக்க என்ற கட்டத்தில்
என் இலக்கம் அப்படியே இருந்தது.
அவன் மாற்றவில்லை.
நானும் சொல்லவில்லை.

கோடையில் அவனுடைய எட்டு எனக்கு ஏழு.
இந்த மாகாணம் மணிக்கூட்டைத் திருப்புவதில்லை.
பனிக்காலத்தில் மட்டும்
இரண்டு பேருக்கும் ஒரே எட்டு.

அது என்ன குளிசை என்று
வேலையிடத்தில் ஒருத்தி கேட்டாள்.
நான் பிறத்தி என்று அவன் உடம்புக்குத் தெரியும்,
எத்தனை வருசம் போனாலும் தெரியும்;
அந்த அறிவைக் காலையும் மாலையும்
கொஞ்சம் மயக்கி வைக்கிற குளிசை என்றேன்.
சிரித்தாள்.
நான் பகிடி விடவில்லை.

தை மாதம் முழுக்கத் தொலைபேசி அதிரவேயில்லை.
திருந்திவிட்டான் என்று நினைத்தேன்.
அப்படி நினைத்தபோது
ஒரு துளி ஏமாற்றமும் இருந்தது,
அதை யாரிடம் போய்ச் சொல்ல.

பிறகு மாரிவிக் எடுத்தாள்.
மாற்றுச் சிகிச்சைப் பிரிவின் தாதி,
என்னைத் தள்ளுவண்டியில் உள்ளே அனுப்பியவள்.
உன்னோடு கதைக்க அவர் சம்மதித்தார் என்றாள்.
முப்பத்தொரு நாள், அறுபத்திரண்டு தரம்,
மூடி பிசகாமல் எட்டு மணிக்குத் திறந்திருக்கிறது.
இரத்தம் வேறு கதை சொல்கிறது.
மருந்து பாதிகூட இல்லை.
கிரியாட்டினின் ஏறுகிறது.

மூடிக்குத் திறப்பது தெரியும்.
விழுங்குவது தெரியாது.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் குரல்.
"கை நடுங்குது, சுகிர்தா.
குளிசை போட்டா நடுங்குது.
போன கிழமை ஒரு பெட்டைக்கு ஐஞ்சாவது பிறந்தநாள்.
ஐசிங்கில பேர் எழுதினன்.
மடலின். பாம்பு நெளிஞ்ச மாதிரி வந்திட்டுது.
தாய் ஒண்டும் சொல்லேல்ல.
மனேச்சர்தான் கேக்கை உள்ள எடுத்துக்கொண்டு போனவர்."

பிறகேன் மூடியைத் திறந்தனீங்கள் என்றேன்.
மறுமுனையில் பேக்கரியின் குளிரூட்டி
இரைந்துகொண்டே இருந்தது.
"திறக்காட்டி உனக்கெல்லோ அடிக்கும்.
காலமை நித்திரை குழம்பும்."

அதற்குக் கத்தினேன்.
கத்தியதில் பாதி ஞாபகமில்லை.
அது என்ர, என்று தொடங்கி
அந்தச் சொல்லிலேயே நின்றது ஞாபகம்.
கொடுத்தது கொடுத்ததுதான்.
ஆனாலும்
உறைந்த காரின் எஞ்சின் மாதிரி
அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பத் திருகினேன்,
பற்றவில்லை.

நாளுக்கு ஒருமுறை போடும் வகைக்கு மாற்றியிருக்கிறார்கள்.
நடுக்கம் கொஞ்சம் குறைவாம்.
பெயர் எழுத இப்போது வேறொரு பொடியன்;
இவன் பாண் வெட்டுகிறான், இயந்திரத்தில்.
கிழமைக்கொருதரம் இரத்தம்.

மாரிவிக் ஒரு மின்னஞ்சலும் அனுப்பினாள்:
உன் இலக்கத்தை நீக்கவேண்டுமென்றால்
கீழே உள்ள கட்டத்தில் ஒரு சரி.
பத்து நாளாகிறது.
திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன்.
அதையும் எங்கோ ஒரு கணக்கு
குறித்துக்கொண்டிருக்கக்கூடும்.

இன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஒன்பது மணி தாண்டியும்
மேசையில் தொலைபேசி பேசாமல் கிடக்கிறது.
மூடி திறந்திருக்கிறது, அதற்கு மேல் தெரியாது.
குளிருக்குத் தழும்பு விறைக்கிறது.
ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து
நின்றபடியே குடிக்கிறேன்,
எனக்குள் ஒற்றையாய் மிஞ்சிய மற்றதுக்கு.